பால் கணக்கு எழுதும் கை, ஊர்க் கணக்கும் எழுதட்டும்!

பால்காரர் ஒரு நாள் கால் லிட்டர் குறைத்து ஊற்றினால் நமக்கு உடனே தெரிந்துவிடும். காஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றினோம், எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறித்து வைக்கிறோம். சீட்டுப் பணம், மளிகைப் பாக்கி, சலவைத் துணி... எல்லாவற்றுக்கும் நம்மிடம் கணக்கு உண்டு. "அவளை ஒரு பைசா ஏமாத்த முடியாது" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டாலும், உள்ளூர நமக்குப் பெருமைதான்!

சரி சகோதரிகளே, இப்போது சில கேள்விகள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது? அந்தத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன? உங்கள் தெருப் பால்வாடியில் குழந்தைக்கு வாரம் எத்தனை முட்டை தர வேண்டும்? கிராம சுகாதார நர்ஸ் உங்கள் ஊருக்கு வரும் நாள் எது?

நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அக்கறை இல்லாததால் அல்ல. 'அது சர்க்கார் சமாசாரம், நமக்கென்ன?' என்றே வளர்ந்துவிட்டோம். பால்காரருக்குக் காசு கொடுக்கிறோம், ஆகவே கேட்கிறோம். தொட்டியும் பால்வாடியும் இலவசம் என்று நினைப்பதால் வாய் திறப்பதில்லை. ஆனால் அவை இலவசமா? சோப்பு வாங்கினாலும், பிஸ்கட் வாங்கினாலும் அந்த விலைக்குள் வரி இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிறோம், தண்ணீர் வரி கட்டுகிறோம். ஆக, அதுவும் நம் காசுதான். நம் காசுக்கு நாம் கணக்குக் கேட்பதில் என்ன தப்பு?

தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு ஊர்

நான் வசிப்பது சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு சுங்குவார்சத்திரம் தெரிந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி காஞ்சிபுரம் போகும் வழியில், எப்போதும் பஸ்ஸும் லாரியும் நெரிசலுமாக இருக்கும் கூட்ரோடு. ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்லும் வேர்க்கடலையுமாக இருந்த பிரதேசம் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு கண்ணாடி, டயர், கைபேசி, உதிரி பாகம் என்று ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகள் வரிசை கட்டி வந்துவிட்டன. விடிகாலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்களின் சத்தம்தான் எங்களுக்குச் சேவல் கூவல்!

கம்பெனி வந்ததால் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் பெருத்த வேகத்துக்கு ஊரின் வசதிகள் பெருகவில்லை. நெல் விளைந்த இடத்தில் லைன் வீடுகள் முளைத்துவிட்டன. ஒரு லைனுக்குப் பத்துக் குடும்பம். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள். ஜனம் இப்படிப் பெருகியும், தண்ணீர்த் தொட்டி அதே தொட்டி, பால்வாடி அதே ஒற்றை அறை, நர்சம்மாவும் அதே ஒருவர்தான்.

ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள்

சென்ற ஆண்டுக் கோடையில் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒன்று, பின் லைனில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் பத்து மாதக் குழந்தை. நான் போய்ப் பார்த்தபோது குழந்தை துவண்டு கிடந்தது. கண் குழி விழுந்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. தாய்மார்களே, இந்த மூன்றும் உடம்பில் நீர் வற்றிவிட்டதற்கான அபாய அறிகுறிகள், மறக்காதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தது.

வீடு திரும்பியதும் அந்தப் பெண் கேட்டாள்:

"அக்கா, தண்ணியில பத்து நாளா ஒரு மாதிரி வாடை வருது. இத யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"பஞ்சாயத்துல சொல்லலாமேம்மா."

"நாங்க வாடகைக்கு வந்தவங்கக்கா. எங்களுக்கு இங்க ஓட்டு இல்ல, ரேஷன் கார்டும் இல்ல. 'புடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போ'ன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "அது இருக்கட்டும், அந்த டேங்க்கை எப்ப கழுவினாங்க?"

ஒருத்தி பொங்கலுக்கு முன்னால் என்றாள். இன்னொருத்தி, 'இல்லை, தைப்பூசத்துக்கு அப்புறம்' என்றாள். மூன்றாமவள், 'போன வருஷம் மழைக்குப் பிறகு யாரும் ஏறினதையே நான் பார்க்கலை' என்றாள். ஆளுக்கொரு தேதி! குழந்தைகளின் நோவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஈயோ, பால் புட்டியோ, வெளிச் சாப்பாடோ கூட இருக்கலாம். ஆனால் தண்ணீர் காரணமில்லை என்று நிச்சயமாகச் சொல்லவும் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதுதான் உறுத்தியது.

எண்பது பக்க நோட்டு

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். வாரா வாரம் சேமிப்புக் கணக்கு எழுதிப் பழகிய கைகள். 'இதற்கும் ஒரு நோட்டுப் போட்டால் என்ன?' என்று ஒருத்தி கேட்டாள். எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டோம். தண்ணீர் வந்த நேரம், தொட்டி கழுவிய தேதி, பால்வாடியில் முட்டை கொடுத்த நாள், நர்ஸ் வந்த நாள், ரேஷன் கடை திறந்த நாள். ஐந்தே ஐந்து கட்டங்கள். வாரத்துக்கு ஒருத்தி முறை வைத்து எழுத வேண்டும்.

மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. ஆளைப் பற்றி எழுதக் கூடாது, வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். நல்லது நடந்தாலும் கட்டாயம் எழுத வேண்டும். இந்த மூன்றாவது விதியைச் சொன்னவர் எதிர்வீட்டுப் பெரியம்மா. "குறையை மட்டும் எழுதினா அது கோள் நோட்டுடி. ரெண்டையும் எழுதினாத்தான் கணக்கு நோட்டு" என்றார். எவ்வளவு அர்த்தமுள்ள பேச்சு!

நோட்டுப் போட்டு மூன்று மாதம் ஆனதும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். எங்களுக்கே சில ஆச்சரியங்கள் காத்திருந்தன.

ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் நோட்டில் மூன்று மாதத்தில் ஒரே ஒரு தேதிதான் இருந்தது. ஆக, எங்கள் சந்தேகம் சரிதான்.

பால்வாடி மீது சிலருக்குச் சந்தேகம் இருந்தது. 'முட்டையெல்லாம் எங்கே போகுதோ!' என்று குழாயடியில் பேசுவார்கள். நோட்டைப் பார்த்தால், வாரம் மூன்று முட்டை ஒரு நாள் தவறாமல் குழந்தைகளுக்குப் போயிருந்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. பால்வாடிக் குழாய் உடைந்து மாதக்கணக்காகி, ஆயாம்மா தெருக்கோடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து சமைத்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் பழி சுமந்தவர் முழங்கால் வலியோடு குடமும் சுமந்திருக்கிறார்!

நர்சம்மா விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். எங்கள் நோட்டில் பாதிப் புதன்கிழமைக் கட்டங்கள் காலி. கோபமாகத்தான் கேட்கப் போனோம். "பக்கத்து துணை சுகாதார நிலையத்துல போஸ்டிங் காலிம்மா. ரெண்டு இடத்தையும் நான் ஒருத்தியே பாக்கறேன். ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்க" என்றார் அவர். பார்த்தீர்களா? கணக்கு எழுதியதால் யார் மேல் கோபப்படக் கூடாது என்பதும் தெரிந்தது.

கிராம சபையில்

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நோட்டோடு போனோம். கிராம சபை என்பது தலைவரும் மெம்பர்களும் மட்டும் கூடும் கூட்டம் அல்ல. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், நீங்களும் நானும், அதன் உறுப்பினர்கள். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடியது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை. சபை நடக்க இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கு உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஷிப்டுக்குப் போகிற ஊரில் இந்த எண்ணிக்கையை நிரப்புவதே பெண்கள்தான். அப்படியிருக்க, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் திரும்புவானேன்?

எழுந்து பேச முதலில் எல்லோருக்கும் கூச்சம். குழுவில் இளையவள்தான் எழுந்தாள்.

"சார், டேங்க் மாசம் ரெண்டு தடவ கழுவணும். மூணு மாசத்துல ஒரு தடவதான் கழுவியிருக்கு."

"யாரும்மா சொன்னது? எல்லாம் கரெக்டா கழுவறோம்."

"நாங்க எழுதி வச்சிருக்கோம் சார். நீங்களும் உங்க ரெஜிஸ்டரைக் காட்டுங்க, ரெண்டையும் சேர்த்துப் பாத்துடலாம்."

சபை ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அவள் குரல் உயரவில்லை, நோட்டுதான் பேசியது. அந்த வாரமே தொட்டி கழுவப்பட்டது. கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுதினார்கள். இப்போது தேதி மாறாவிட்டால் எல்லோருக்கும் தெரியும், அண்ணாந்து பார்த்தால் போதும். பால்வாடிக் குழாய் தீர்மானமாகி, வேலை முடிய இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. நர்ஸ் பணியிடம் ஊராட்சியின் கையில் இல்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் மனு கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். எல்லாம் ஜெயம் என்று நான் கதை கட்டவில்லை. மூன்றில் ஒன்று உடனே, ஒன்று தாமதமாக, ஒன்று இன்னும் பாக்கி. ஆனால் ஒன்றுமே எழுதாத காலத்தில் மூன்றும் பாக்கியாகத்தான் இருந்தன!

கேட்க இடமில்லாவிட்டால்...

பின் லைன் பெண் கேட்ட கேள்வி இன்னும் மீதி இருக்கிறது. வாடகைக்கு வந்தவர்கள் எங்கே போய்க் கேட்பது?

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதி 2021 டிசம்பரில் பார்த்தது. பாக்ஸ்கான் கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாகக் கைபேசியில் வதந்தி பரவியது. அது உண்மையல்ல. ஆனால் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நம்பிக்கையான இடம் ஏது? டிசம்பர் 17-ம் தேதி இரவு முதல் மறுநாள் வரை, நூற்றுக்கணக்கான இளம் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகே விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சோதனைக்கு வந்தன. சில இடங்கள் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது.

அந்த விடுதி சர்க்கார் நடத்தியது அல்லதான். ஆனாலும் பாடம் ஒன்றே. சாப்பாடு ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. முதலில் அரிசியில் புழு, அப்புறம் தண்ணீரில் வாடை என்று சின்னச் சின்ன அறிகுறிகள் வரும். அந்தச் சின்னக் குறைகளை எழுதி வைக்க ஒரு நோட்டும், அதை வாங்கிப் படித்துப் பதில் சொல்ல ஒரு ஆளும் இருந்தால், ஊர் விட்டு ஊர் வந்த பெண் பிள்ளைகள் நடுராத்திரி ரோட்டில் உட்கார வேண்டி வராது.

ஆகவே எங்கள் நோட்டில் ஆறாவது கட்டம் ஒன்று சேர்த்தோம். 'லைன் வீடுகள்.' அங்கே உள்ள கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், அவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. கிராம சபையில் அவர்கள் உறுப்பினர்கள் இல்லை என்றால் என்ன? உறுப்பினர்களான நாம் அவர்களுக்காகப் பேசலாமே! ஒரே தொட்டித் தண்ணீரைத்தானே எல்லோரும் குடிக்கிறோம்? அந்தக் குழந்தைக்கு வந்த நோய் வேலி தாண்டி என் வீட்டுக்கு வர எத்தனை நேரம்?

ஒரு விஷயம் வாடகை வீட்டுச் சகோதரிகளுக்கு: தடுப்பூசிக்கும், பால்வாடிக்கும், கர்ப்பிணிப் பரிசோதனைக்கும் உள்ளூர் ரேஷன் கார்டு தேவையில்லை. கையில் தாய் சேய் நல அட்டை இருந்தால் எந்த ஊரிலும் காட்டித் தொடரலாம். ரேஷனிலும் 2020 அக்டோபர் முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. வெளி மாநிலக் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்க வழி உண்டு.

ராஜஸ்தானில் கேட்ட கேள்வி

இது எங்கள் தெருவில் தோன்றிய புது யோசனை என்று நினைக்காதீர்கள். வழி காட்டியவர்கள் முன்பே இருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் அருணா ராயும் அவர் தோழர்களும் 1990-ல் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அருணா ராய், ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். பஞ்சாயத்து வேலைகளின் கணக்கை வாங்கி, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் ஜனங்கள் முன்னிலையில் வாசித்தார்கள். அப்படி வாசிக்கும்போது, வேலையே செய்யாதவர் பேரில் கூலி எழுதியிருப்பது போன்ற சங்கதிகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அந்த இயக்கத்தில் இருந்த சுசீலா என்ற அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்ணிடம், 'உங்களுக்கெல்லாம் கணக்கு எதற்கு?' என்று டில்லியில் நிருபர்கள் கேட்டார்களாம். 'பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். சர்க்கார் என் பேரில் கோடி கோடியாகச் செலவு செய்கிறது, அதைக் கேட்க மாட்டேனா?' என்ற அர்த்தத்தில் அவர் பதில் சொன்னார். எந்த இல்லத்தரசிக்கும் புரிகிற நியாயம்!

அந்தப் போராட்டங்களின் பலன்தான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. 1997-லேயே தகவல் உரிமைக்கு மாநிலச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடு.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம். தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தில் 2007 முதல் ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பை முன்னோட்டமாக நடத்திப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் திருவள்ளூர், வேலூர், தர்மபுரி, பெரம்பலூர், கன்னியாகுமரி ஆகிய ஐந்து மாவட்டங்கள். ஊர் ஜனங்களே கூடி, நர்ஸ் வருகிறாரா, மருந்து கிடைக்கிறதா என்று மார்க் போட்டார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிடுமே!

உகாண்டா சொல்லும் பாடம்

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக் கதை இன்னும் சுவாரசியமானது. 1990-களின் முற்பகுதியில் பள்ளிகளுக்கு சர்க்கார் அனுப்பிய மானியத்தில், நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் சராசரியாகப் பள்ளியைப் போய்ச் சேர்ந்ததாம்! மீதி வழியிலேயே கரைந்துவிட்டது. எந்தெந்த இடத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்று பத்திரிகையில் வெளியிடத் தொடங்கினார்கள். 2001-க்குள் நூற்றுக்கு எண்பது பங்கு போய்ச் சேரும் நிலை வந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் தொகை என்னவென்று பெற்றோருக்குத் தெரிந்தது பெரிய காரணம்.

பிறகு அதே நாட்டில் ஐம்பது கிராம சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பரீட்சை செய்தார்கள். அதில் பாதி ஊர்களில் ஜனங்களும் ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, குறைகளைப் பேசி, என்ன செய்யலாம் என்று ஒரு திட்டம் எழுதினார்கள். டோக்கன் முறை வந்தது, யோசனைப் பெட்டி வந்தது, யாருக்கு எந்த நாள் டியூட்டி என்று எழுதித் தொங்கவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் மற்ற ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2009-ல் இந்த முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. பின்னர் அதே உகாண்டாவில் இன்னும் பல மடங்கு நிலையங்களில் இதைப் போன்ற ஏற்பாட்டைச் செய்து பார்த்தபோது, கவனிப்பு ஓரளவு மேம்பட்டது. ஆனால் குழந்தை மரணம் குறையவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. மருந்து இருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட மேலதிகாரி இருக்க வேண்டும். இல்லாத நர்சை எங்கள் நோட்டு வரவழைத்துவிடுமா? வரவழைக்காது. ஆனால் அந்த நாற்காலி காலி என்று தேதியோடு மேலே சொல்லும். அது நம் பொறுப்பு. ஆளைப் போடுவது சர்க்காரின் பொறுப்பு. 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எல்லாவற்றையும் நம் தலையில் கட்டிவிட அவர்களை விடக் கூடாது. ஏற்கெனவே சமையலும், பிள்ளைகளும், மாமனார் மாமியார் மருந்தும் நம் தலையில்தானே இருக்கின்றன!

உங்கள் ஊரில் தொடங்க...

ஆர்வம் வந்துவிட்டதா? இதோ, எங்கள் அனுபவத்தில் கண்ட வழிகள்:

1. தனியாகத் தொடங்காதீர்கள். குறைந்தது ஐந்தாறு பேர் சேருங்கள். ஒருத்தி கேட்டால் வம்பு, பத்துப் பேர் கேட்டால் ஊர்.

2. முதலில் நமக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள். பால்வாடியில் இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு வாரம் மூன்று முட்டை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு. ரேஷன் கடைப் பலகையில் இருப்பு விவரம். வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

3. குடிநீரைச் சோதியுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், சோதனைப் பெட்டி எங்கே என்று விசாரியுங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி இருக்க வேண்டும் என்பது கணக்கு. லேசான பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கிருமி செத்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்!

4. பள்ளியையும் மறக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது தலைமையே ஒரு தாய்க்கு என்று வைத்தார்கள். கூட்டத்துக்குப் போய்க் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்.

5. ஊழியர்களிடம் முதலில் பேசுங்கள், பிறகு சபைக்குப் போங்கள். அவர்களுக்கும் குறை இருக்கும். அதையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டால், எதிரியாக நினைத்தவர் துணையாக வருவார்.

6. கிராம சபையில் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று இருந்து பாருங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

7. பதில் வராவிட்டால் படி ஏறுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள், முதல்வர் உதவி மையம் 1100, மருத்துவ உதவிக்கு 104, ரேஷன் புகாருக்கு 1967. அதற்கும் மசியாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏதுக்கா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் நோட்டுக்கு ஒரு நாளைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். என் முறை பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் படுத்தால் ஆகும் நேரத்தையும் செலவையும் கண்ணீரையும் எண்ணிப் பாருங்கள், அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்த கிராம சபை என்றைக்கு என்று இப்போதே காலண்டரில் பாருங்கள். அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் ஒரு மாதக் கணக்காவது எழுதிவிடலாம். பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணையும் மறக்காமல் அழைத்துப் போங்கள். அவளுக்கு அங்கே ஓட்டு இல்லாவிட்டாலும், அவள் குழந்தைக்காகப் பேச நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியட்டும்.